மின்கசிவு என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் 31 வருடமாக வாகன எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துகிறேன். காலையில் கடை திறந்து, ஊதுபத்தி ஏற்றி, டீ வருவதற்குள் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் படித்துவிடுவது வழக்கம். கார் எரிந்தது, வேன் எரிந்தது, லாரி எரிந்தது என்ற செய்தி வந்தால் என் கண் கடைசி வரிக்குத்தான் முதலில் போகும். 'மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்ததாகத் தெரிகிறது.' உங்கள் நாளிதழில் மட்டுமல்ல, எல்லா நாளிதழிலும் இதே வரிதான்.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டைக் குழாயில் தண்ணீர் கசிகிற மாதிரி வண்டியில் கரண்ட் தானாகக் கசிந்து தீப்பிடிப்பதில்லை. எங்கோ வயர் தகரத்தில் உரசித் தோல் போயிருக்கும். அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 சொருகியிருப்பார்கள். அல்லது பியூஸே இல்லாமல் பேட்டரியில் இருந்து நேராக இழுத்திருப்பார்கள். அந்தத் தவறைச் செய்தது ஒரு மனிதக் கை. அந்தக் கை ஏன் தப்புச் செய்தது என்று தேடிப்போனால் நான் பார்த்தவரை பாதி நேரம் ஒரே பதில்தான்: அந்த ஆளிடம் வயரிங் படம் இல்லை. ஊகித்துச் செய்திருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன் காரிமங்கலம் பக்கத்தில் இருந்து முன்பக்கம் கருகிய வேன் ஒன்றை கிரேனில் கட்டி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி. வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் திரும்ப வந்து செல்ஃப் அடித்திருக்கிறார். பேட்டரி வீக், விடாமல் அடித்திருக்கிறார். கிளட்ச் பெடல் பக்கம் புகை வந்தது. நல்லவேளை, பாதிப் பேர் ஏற்கெனவே கீழே நின்றிருந்தார்கள், மீதிப் பேரும் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை. மறுநாள் செய்தியில் மின்கசிவு.

அந்த வேனில் இருந்தது வேறு கம்பெனி இஞ்சின். உரிமையாளர் சொல்லவில்லை, போர்வையை விலக்கிப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. இஞ்சினையும் சேஸையும் இணைக்கிற எர்த் பட்டையைக் காணோம். பழைய இஞ்சினில் அந்தப் பட்டைக்கென்று ஒரு போல்ட் ஓட்டை இருந்தது. வந்து உட்கார்ந்த இஞ்சினில் அந்த இடத்தில் பிராக்கெட் இருந்தது. அதனால் பட்டையைச் சுருட்டி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள். இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற 200, 300 ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழி வேண்டும். பட்டை இல்லாவிட்டால் கிடைத்த வழியில் போகும். இந்த வண்டியில் அதற்குக் கிடைத்த வழி கிளட்ச் கேபிள். உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி ஹீட்டர் காயில் மாதிரி சிவந்து, மேலே உள்ள பிளாஸ்டிக் உறை உருகி, அதை ஒட்டி ஓடிய டீசல் ரிட்டர்ன் குழாயையும் உருக்கியிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கருகல் வாடை வந்தது என்று டிரைவர் சொன்னார். இரண்டு மாதமாக வந்ததாம்.

சில நூறு ரூபாய் பட்டை அது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொரு முனையை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் எர்த் இல்லை என்று அர்த்தம். ஒரு நிமிட வேலை. இஞ்சின் மாற்றிய எந்த வண்டி என் பட்டறைக்கு வந்தாலும், எந்தக் கம்ப்ளெயிண்டோடு வந்தாலும், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த வேனில் இஞ்சின் இறக்கிய மெக்கானிக்கை நான் குறை சொல்லப்போவதில்லை. அவரும் என் வயதுக்காரராகத்தான் இருப்பார். நாங்கள் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் டீசல் வண்டிக்கு வயரிங் என்றால் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, பம்பில் டீசலை நிறுத்துகிற சோலனாய்டுக்கு ஒன்று, டைனமோவுக்கு ஒன்று, ஆயில் லைட்டுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் ஆளுக்கொன்று, குளிருக்கு ஹீட்டர் பிளக்கு. பம்ப் மெக்கானிக்கல், ஆக்ஸிலரேட்டர் கம்பி. இஞ்சின் யாருடையது என்பதைப் பற்றி வண்டிக்குக் கவலையே இல்லை. அன்றைக்கு டெஸ்ட் லாம்ப் ஒன்று இருந்தால் போதும், எந்த இஞ்சினையும் எந்த வண்டியிலும் ஓட்டிவிடலாம்.

டீசலை எப்போது, எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிற காமன் ரெயில் இஞ்சின் வந்த பிறகு கதை மாறிவிட்டது. அது எவ்வளவு மாறிவிட்டது என்பது எனக்கே ஒரு வேலையில்தான் முழுதாக விளங்கியது.

கிருஷ்ணகிரி அணைக்குப் போகிற வழியில் மாந்தோப்பு வைத்திருக்கிற அண்ணன் ஒருவர், மருந்து தெளிக்கிற டேங்கையும் பெட்டிகளையும் இழுக்கப் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றைத் தோப்புக்குள்ளேயே வைத்திருந்தார். இஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. பதிலுக்கு, விபத்தில் கழித்துக்கட்டிய வேறு கம்பெனி வண்டியில் இருந்து காமன் ரெயில் இஞ்சின் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கிவந்தார். வண்டி தோப்பை விட்டு ரோட்டுக்கு வராது என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் நான் கை வைத்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

லேத் பட்டறைக்காரர் மவுண்டிங்கும் கியர் பாக்ஸ் அடாப்டர் பிளேட்டும் செய்து இஞ்சினை உட்கார வைக்க மூன்று நாள். பெங்களூரா மாங்காய் அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, தாராளமாக முடித்துவிடலாம் என்று அண்ணன் சந்தோஷமாக இருந்தார். எலக்ட்ரிக்கல் வேலைக்கு எனக்கு 26 நாள் ஆனது.

இஞ்சினை ஆட்டிவைக்கிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் ஈ.சி.எம். அதில் வயர்களை மாட்டுவதற்கு 94 பின், 60 பின் என்று இரண்டு கப்ளர். காயலான் கடையில் வயரிங் செட்டைக் கோடாலியால் வெட்டித்தான் இஞ்சினை எடுத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட நூற்றுச் சொச்சம் வயர் முனையும் கத்தையாகத் தொங்குகிறது. எந்த வயர் எங்கே போக வேண்டும்? கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். படம் வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். காசு கொடுக்கிறேன் என்றேன். காசுக்கும் கிடையாது.

சரி என்று 192 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பின்னாகத் தொட்டுத் தொட்டு நானே படம் வரைந்தேன். கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார் எல்லாம் இஞ்சினிலேயே இருப்பதால் வயரைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்துவிடலாம். இஞ்சினுக்கு வெளியே இருப்பவைதான் உயிரை எடுத்தன.

ஆக்ஸிலரேட்டர் பெடலைச் சொல்கிறேன். இப்போது அதில் கம்பி இல்லை, சென்சார். ஒரே பெடலுக்குள் இரண்டு சென்சார். ஒன்று கொடுக்கிற வோல்ட்டில் பாதியை மற்றது கொடுக்கும். ஈ.சி.எம். இரண்டையும் எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் பெடலை நம்பாது, 1,200 சுற்றில் நிறுத்திவைத்துவிடும். நான் கையில் இருந்த வேறு கம்பெனி பெடலைப் போட்டு நான்கு நாள் வீணாக்கினேன். ஐந்து வோல்ட் சப்ளை சரி, எர்த் சரி, ஆனால் அந்த இரண்டு சென்சாருக்கும் உள்ள விகிதம் வேறு. பிரேக் ஸ்விட்ச்சும் இதே மாதிரிதான். உள்ளே இரண்டு காண்டாக்ட், ஒன்று மூடும்போது மற்றது திறக்க வேண்டும். ஒற்றை வயரை பிரேக் லைட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது.

அப்புறம் சாவி. செல்ஃப் சுற்றுகிறது, டீசல் பாயவில்லை. சாவிக்குள் இருக்கிற சிப், சாவித் துளையைச் சுற்றி இருக்கிற காயில், திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் பெட்டி, ஈ.சி.எம். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று அடையாளம் பார்த்துக்கொண்ட பிறகுதான் இன்ஜெக்டர் திறக்கும். நான் காயலான் கடைக்கு மூன்றாம் முறையாகப் போய், அந்த நொறுங்கிய வண்டியின் பாடியைத் தேடிப்பிடித்து, சாவித் துளை, சாவி, இம்மொபிலைசர், மீட்டர் போர்டு, பெடல் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு இரவே ஸ்டார்ட் ஆனது. இஞ்சின் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். ஈ.சி.எம்., சாவி, இம்மொபிலைசர், மீட்டர், பெடல், வெட்டாத வயரிங் செட், எல்லாம் ஒரே வண்டியினுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சத்தம் போடாமல் இஞ்சினைக் கொல்லும். டெம்பரேச்சர் சென்சார் என்பது சூடு ஏற ஏற ஓம் குறைகிற சமாச்சாரம். ஈ.சி.எம். பார்க்கிற வகையில் ஒன்று 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருந்து 80 டிகிரியில் 320 ஓம் அளவுக்கு இறங்கும். பழைய மீட்டர் முள்ளுக்கான சென்சாரின் கணக்கே வேறு, இதைவிடக் குறைந்த ஓம். புது இஞ்சினின் சென்சாரைப் பழைய முள்ளோடு சேர்த்துவிட்டால், தண்ணீர் கொதிக்கும்போதும் முள் கீழேயே படுத்திருக்கும். டிரைவர் மீட்டரை நம்பி ஓட்டுவார். ஹெட் வெடித்த பிறகு தெரியும். அதனால் பழைய வண்டியின் சென்சாரை லேத்தில் மரை அடாப்டர் போட்டுப் புது இஞ்சினில் தனியாகப் பொருத்தி முள்ளுக்குக் கொடுத்தேன், இஞ்சினின் சென்சாரை ஈ.சி.எம்.முக்கே விட்டுவிட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டர் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன்.

26 நாளில் 20 நாள், கம்பெனியில் பத்துப் பக்கமாக இருக்கிற ஒரு படத்தை நான் மறுபடி கண்டுபிடிக்கப் போனது.

அதே வருடம் போர்வெல் லாரி ஒன்று வந்தது. இந்த வண்டிகளில் லாரியின் இஞ்சின் தனி, மேலே கம்ப்ரசரை ஓட்டுகிற இஞ்சின் தனி. அந்த மேல் இஞ்சினை மாற்றி வேறு கம்பெனியுடையதைப் போட்டிருந்தார்கள். கம்ப்ரசர் பேனலோ பழைய இஞ்சினோடு வந்தது. சுற்று, சூடு, ஆயில் பிரஷர் எல்லாம் அந்த பேனலில் தெரிய வேண்டும், சூடு எல்லை மீறினால் பேனல் இஞ்சினை நிறுத்த வேண்டும். மாந்தோப்பு வேலையின் களைப்பு தீராத நேரம், இதற்கு ஒரு மாதம் என்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

காரணம் இதுதான். இந்தக் கனரக இஞ்சின்கள் பேசுவது ஜே 1939 என்ற பொது மொழி. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வகுத்தது. இஞ்சின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், சுற்று எண்ணிக்கை 61444 என்ற எண்ணுள்ள செய்தியில் நான்காவது, ஐந்தாவது பைட்டில், அதாவது துண்டில், வரும், வந்த எண்ணை 0.125ஆல் பெருக்க வேண்டும். 9,600 என்று வந்தால் 1,200 சுற்று. தண்ணீர்ச் சூடு 65262இன் முதல் பைட், அதில் 40 கழிக்க வேண்டும். 125 வந்தால் 85 டிகிரி. வயர் நிறம்கூட மஞ்சள், பச்சை என்று வழக்கப்படுத்தியிருக்கிறார்கள். நான் செய்தது மஞ்சளோடு மஞ்சளையும் பச்சையோடு பச்சையையும் முறுக்கு கெடாமல் சேர்த்ததுதான். சேர்த்தும் பேனல் பேசவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பார்த்தேன், 120 காட்டியது. இந்த லைனின் இரண்டு கோடியிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், அப்போது மீட்டர் 60 காட்டும். பழைய இஞ்சினோடு ஒரு பக்க ரெசிஸ்டர் போய்விட்டது. ஒன்று வாங்கிப் போட்டேன், பேனலில் எல்லா எண்ணும் வந்துவிட்டது.

படம் இல்லாமல் 26 நாள், படம் இருந்து இரண்டு நாள். வேலை செய்தது அதே கைதான்.

கார்களிலும் சின்ன வேன்களிலும் ஓடுவது அதே இரட்டை வயர்தான். வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற இந்த லைனுக்குப் பெயர் கேன். பாஷ் கம்பெனி 1986இல் வெளியிட்டது. முறுக்கிய இரண்டு வயர், சும்மா இருக்கும்போது இரண்டிலும் இரண்டரை வோல்ட், பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். எழுத்து எல்லோருக்கும் ஒன்று, மொழிதான் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. எந்த எண்ணில் என்ன செய்தி என்பதை வெளியே சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். ஓசூர் சந்தையில் ஒருவர் கன்னடத்திலும் இன்னொருவர் தமிழிலும் விலை பேசினால், இரண்டும் தெரிந்தவர் யாராவது நடுவில் நின்று முடித்துவைப்பார். இரண்டு கம்பெனி எலக்ட்ரானிக்ஸை ஒரே வண்டியில் ஓட்டவும் நடுவில் அப்படி ஒருவர் வேண்டும்.

ஒரு பையனின் காரில் அதைச் செய்தோம். கோயம்புத்தூர் கரி டிராக்கில் ஓட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிற கார், டிரெய்லரில்தான் ஏற்றிப்போவான். வேறு கம்பெனி பெட்ரோல் இஞ்சின். ஓடியது, ஆனால் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. மின்சார ஸ்டீயரிங்குக்கு இஞ்சின் ஓடுகிறது என்ற செய்தி வர வேண்டும், வராவிட்டால் மோட்டார் உதவாது. என் மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. படித்தவள். அதே மாடல் நல்ல கார் ஒன்றை நிறுத்தி, ஸ்டீயரிங்குக்குப் போகிற செய்திகளை எல்லாம் லேப்டாப்பில் பதிவு செய்தாள். நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எந்த பைட் ஏறுகிறது, சாவியை அணைத்தால் எது பூஜ்யமாகிறது என்று அவள் தேடிக்கொண்டே இருந்தாள். 11 நாள். அதன் பிறகு இரண்டு கேன் வாசல் உள்ள சின்ன போர்டு ஒன்றில் நிரல் எழுதினாள். ஒரு பக்கம் புது இஞ்சின் சொல்வதைக் கேட்கும், மறு பக்கம் பழைய காருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லும். ஸ்டீயரிங் இளகிய அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அதை மறக்கமாட்டேன்.

ஆனால் எல்லா ஊரிலும், எல்லா பட்டறையிலும் இப்படி ஒரு மகள் இருப்பாளா? இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்பின் ஸ்விட்ச்சான ரிலேவை ஈ.சி.எம். இயக்க மறுத்தால், ரிலேவைத் தூக்கிப்போட்டுவிட்டு பம்பை நேராக சாவி லைனில் சேர்த்துவிடுகிறார்கள். வண்டி ஓடும், உரிமையாளர் சந்தோஷமாகப் போவார். இஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது அந்த ரிலேவின் வேலை. நேராகச் சேர்த்துவிட்டால், மோதி இஞ்சின் நின்ற பிறகும் சாவி போட்டபடி இருக்கிறவரை பம்ப் பெட்ரோலை அடித்துக்கொண்டே இருக்கும். குழாய் கிழிந்திருந்தால் எங்கே அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதையும் நாம் மின்கசிவு என்றுதான் எழுதப்போகிறோம்.

ரோட்டில் ஓடுகிற வண்டியை ஏன் தொடுவதில்லை என்று சொல்கிறேன் என்றேனே. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே வேறு கம்பெனி இஞ்சின் என்று யோசிக்கிறவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், பிறகு காயலான் கடைக்குப் போகலாம். அனுமதித் தாள் இல்லாமல் ரோட்டு வண்டி வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சில பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும்.

சட்டமே இப்படி இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்கலாம். இஞ்சின் மாற்றுகிறவர்களுக்கு மட்டும் நான் கேட்கவில்லை. எலி கடித்த வயரிங் செட், வெள்ளத்தில் நனைந்த ஈ.சி.எம்., மே மாத வெயிலில் பசை இளகி அவிழ்ந்த டேப் ஜாயின்ட், இவைதான் என் அன்றாட வேலை. எல்லாவற்றுக்கும் அதே படம்தான் வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அதிகம். அரூரிலோ அஞ்செட்டியிலோ நடுராத்திரியில் நிற்கிற வண்டிக்கு டெஸ்ட் லாம்ப்போடு போகிறவர் உள்ளூர் எலக்ட்ரீசியன்தான். ஊகித்துச் செய்யாமல் பார்த்துச் செய்ய அவருக்கு வழி வேண்டும்.

வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, என்னிடமும் இரண்டு இருக்கிறது. ஸ்டீயரிங் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகினால் எந்தக் கம்பெனி காரிலும் சுற்றும் சூடும் ஒரே முறையில் படிக்கலாம். அது எப்படி வந்தது? புகையைக் கட்டுப்படுத்த அரசாங்கம் கட்டாயப்படுத்தியதால் வந்தது. நம் நாட்டில் ஓ.பி.டி. என்கிற இந்த ஏற்பாடு 2010இல் தொடங்கி, 2013இல் அடுத்த கட்டத்துக்குப் போனது. புகை சம்பந்தப்பட்டதை மட்டும் அந்தச் சட்டம் திறந்துவைத்தது. மீட்டர், ஸ்டீயரிங், பாடி வயரிங் எல்லாம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. புகைக்காகத் திறக்க முடிந்ததைத் தீக்காகத் திறக்க முடியாதா?

திருட்டுக்கு வழி ஆகிவிடும் என்பது கம்பெனிகள் சொல்கிற காரணம். சாவி, இம்மொபிலைசர் விஷயத்தில் அது நியாயம்தான், ஆர்.சி. புத்தகமும் ஆதாரும் கொண்டுவந்தால் மட்டும் கொடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வயர் எந்த பியூஸுக்குப் போகிறது, எர்த் பாயிண்ட் எத்தனை, எங்கெங்கே என்பதைத் தெரிந்துகொண்டு யாரும் வண்டி திருட முடியாது. இலவசமாகவும் கேட்கவில்லை. ஜே 1939 புத்தகமும் காசுக்குத்தான் கிடைக்கிறது, வாங்கிக்கொள்கிறோம்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாகச் சொல்லி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. ஐரோப்பாவில் பழுது பார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2007லேயே விதி செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்களே ஓட்டுப் போட்டு அந்த உரிமையை வாங்கினார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனமும் ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் ஒவ்வொரு மாடலுக்கும் வயரிங் படம், பியூஸ் அட்டவணை, எர்த் பாயிண்ட் படம் மூன்றையும் கம்பெனிகள் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள் என்பதுதான் நான் கேட்பது. நம் இரண்டு மாவட்ட எம்.பி.க்களும் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். ஓசூரில் லாரியும் பைக்கும் செய்கிறார்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். இத்தனை வண்டி பிறக்கிற மாவட்டத்தில் இருந்து இந்தக் குரல் போவது பொருத்தம்.

அரசு ஐ.டி.ஐ.களில் மாலை நேரத்தில், ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்கிற எங்களுக்கு மூன்று மாத வகுப்பு ஒன்று நடத்தினால் நல்லது. கேன் லைனில் 60 ஓம் பார்ப்பது, கிரிம்பிங் டூலால் வயர் முனையில் லக்கை இறுக்கி அடிப்பது, வயரின் தடிமனுக்குத் தகுந்த பியூஸ் போடுவது. முறுக்கி டேப் சுற்றுவதை நாங்கள் விட்டுவிடுவோம், வேறு முறையைக் கையில் பிடித்துக் காட்டினால்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை வண்டி எரிந்தால், தீயணைப்பு நிலையத்தில் பேசும் உங்கள் நிருபர் இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். தீ எந்த இடத்தில் தொடங்கியது? அந்த வண்டியில் கடைசியாக என்ன வேலை செய்தார்கள்? அந்த லைனில் பியூஸ் இருந்ததா? பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்கத் தொடங்கினால் பட்டறைகளில் எச்சரிக்கை வரும். அந்த வேனின் செய்தியில் 'எர்த் பட்டை மாட்டவில்லை' என்று ஒரு வரி வந்திருந்தால், அதைப் படித்த பத்து மெக்கானிக்காவது மறுநாள் குனிந்து பார்த்திருப்பார்கள்.

மாந்தோப்பு வண்டி இப்போதும் ஓடுகிறது. அதற்காக நான் வரைந்த அந்த 192 பக்க நோட்டு பட்டறையில் இருக்கிறது. அதன் பிறகு இன்னும் நான்கு நோட்டு சேர்ந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு வண்டி. நான் என் கையால் அளந்து வரைந்தவை, யாருடைய புத்தகத்தில் இருந்தும் எடுக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து எலக்ட்ரீசியன்கள் யார் வந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். எதிர்க் கடையிலேயே மெஷின் இருக்கிறது. ஞாயிறு மட்டும் விடுமுறை.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீசியன்,
ராயக்கோட்டை சாலை,
கிருஷ்ணகிரி.